பாக்தாத் ஓவியத்தில் குடியானவன்

ஈராக்கிய நவீன ஓவியங்களில் அகன்ற கண்களும் பிறை வளைவுகளும் கொண்ட மனித உருவங்களைக் கண்டதும் பிக்காஸோவின் பாதிப்பு என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பாதிப்பு உண்டு, ஆனால் அது முழு விஷயமல்ல. ஜவாத் சலீம் (1919–1961) பாரிஸிலும் ரோமிலும் பயின்றுகொண்டிருக்கையில் யுத்தம் குறுக்கிட்டது. பாக்தாத் திரும்பித் தொல்பொருள் காட்சிச்சாலையில் வேலை பார்த்தார். சுமேரியச் சிலைகளின் கண்களோடு அங்கே பழகிய பிறகே, 1946-ல், லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போனார். அந்தச் சிற்பங்களை வியந்து ஹென்றி மூர் எழுதியது 1935-ல். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பது அவ்வளவு எளிதில் தீரும் கணக்கல்ல.

கிராமம் இவர்களுடைய ஓவியத்துக்கு இரண்டு வழிகளில் வந்தது. 1950-ல் ஃபாயிக் ஹஸனைச் சுற்றி உருவான குழு நகரத்தை விட்டு வெளியே போய், வயலையும் குடிசையையும் நேரில் பார்த்து வரைந்தது. 1951-ல் ஜவாத் சலீமும் ஷாகிர் ஹஸன் அல் ஸயீதும் துவக்கிய பாக்தாத் நவீன கலைக்குழு வேறு வழியில் போயிற்று. அல்-வாஸிதி 1237-ல் சித்திரம் தீட்டிய ஹரீரியின் மகாமாத் பிரதியில் ஒரு கிராமம் இருக்கிறது: ஒட்டகத்தில் வந்த இரு பயணிகள், பின்னால் ஆடுமாடுகள், மசூதி, கூரை மேல் கோழி, நூல் நூற்கும் பெண். தூரம், அண்மை என்ற பேதமின்றி எல்லாம் ஒரே தளத்தில். 1258-ல் மங்கோலியர் பாக்தாதை அழித்தபின் அறுந்துபோன இழையாக இக்குழு இதைக் கண்டது. ஷாகிர் ஹஸனின் ஐம்பதுகளின் உருவங்கள் தட்டையாக, கோடுகளால் வெட்டுண்டு நிற்பதற்கு இந்த ஏடும் காரணம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. குடியானவன் ஓவியத்தில் காலமற்ற ரூபமாகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அமாரா பகுதியின் குடியானவர்கள் நிலச்சுவான்தார்களின் பிடி தாங்காமல் பாக்தாதுக்கு ஓடிவந்து, நகர விளிம்பில் நாணற் குடிசைகளில் கிடந்தார்கள். அவர்களில் எவனுடைய தனி முகமும் இந்த ஓவியங்களில் இல்லை. ஆனால் பரிதாபத்துக்குரிய காட்சிப்பொருளாகவும் அவன் ஆக்கப்படவில்லை. அரூபப்படுத்தல் அவனிடமிருந்து பெயரைப் பறித்தது. பதிலுக்கு ஒரு கண்ணியத்தைக் கொடுத்தது. இந்தப் பேரம் நியாயமானதா என்பதே இக்கலையின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஷாகிர் ஹஸன் பிறகு மனித உருவத்தையே விட்டுவிட்டார். 1971-ல் அவர் அமைத்த 'ஒரே பரிமாணம்' குழு எழுத்தைப் பற்றிக்கொண்டது. அவருடைய பிற்கால ஓவியங்களில் மிஞ்சியவை சுவரும் வெடிப்பும் கிறுக்கலும்தான். ஜவாத் எதிர்த்திசையில், தெருவுக்கு வந்தார். 1958 புரட்சிக்குப் பின் அவர் செய்த சுதந்திர நினைவுச்சின்னம் 50 மீட்டர் நீளம். 14 வெண்கலத் தொகுதிகள். அரபு வரி போல வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதில் இரண்டு குடியானவர்கள் நிற்கிறார்கள், ஒருவன் சுமேரிய உடையில், மற்றவன் அசீரிய உடையில். திறப்புக்கு முன்பே, 1961 ஜனவரியில், ஜவாத் இறந்துபோனார்.

2003-ல் பாக்தாதின் நவீன கலைக்கூடம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான படைப்புகள் மறைந்தன. வெண்கலம் தெருவில் நின்றது. 2019 அக்டோபரில் தஹ்ரீர் சதுக்கத்தில் அதன் கீழே கூடிய இளைஞர்களில் பலர் சதர் நகரிலிருந்து வந்தவர்கள். அந்த நாணற் குடிசைவாசிகளுக்காக 1959-க்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு அது. மேலே இருந்த பெயரற்ற குடியானவர்களுக்குக் கீழே அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்த முகங்களோடு நின்றார்கள்.