கட்டட அனுமதி: மட்டாஞ்சேரியும் மரடும்

கொச்சிக்கு வரும் நம்மவர், மட்டாஞ்சேரியைப் பாராமல் திரும்புவது அரிது. அங்கே அரண்மனை முற்றத்தில் கொச்சி மன்னர்களின் குலதெய்வமாகிய பழையன்னூர் பகவதியின் கோயில் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் யூதர்களின் தொழுகைக் கூடம் நிற்கிறது. கொடுங்கல்லூரில் போர்த்துகீசியர் இழைத்த துன்பத்துக்கு அஞ்சி வந்த யூதர்களுக்கு மன்னர் அளித்த நிலத்தில், 1568-ஆம் ஆண்டு எழுந்த கூடம் அது.

அயல் சமயத்தார் தம் குலதெய்வத்தின் பக்கத்திலேயே கட்டிக்கொள்ள மன்னர் இசைந்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. வரைபடமோ, மனை வகுப்போ, விதிவிலக்கு மனுவோ அன்றில்லை. ஆயினும் இசைவு தந்தவர் அடுத்த வீட்டுக்காரர். விளைவு எதுவாயினும் அவர் வாசலிலேயே நிகழும். 1760-இல் எசக்கியேல் ரகபி என்னும் வணிகர் அக்கூடத்துக்கு மணிக்கூண்டு அமைத்தபோது, அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்கள் பொறிக்கப்பட்டன. அண்டை வீட்டாருக்கும் மணி தெரிய வேண்டுமல்லவா!

மட்டாஞ்சேரியிலிருந்து பாலங்களைக் கடந்து, வில்லிங்டன் தீவு வழியாகக் கிழக்கே சென்றால் மரடு என்னும் ஊர் வருகிறது. காயற்கரை ஊர். 2006-ஆம் ஆண்டில் அதன் பஞ்சாயத்து, கரையோரமாகப் பல மாடிக் குடியிருப்புகளுக்கு அனுமதி அளித்தது. நீர்க்கரையில் கட்டுவதை வரையறுக்கும் மத்திய அரசின் அறிவிக்கை 1991 முதலே நடைமுறையில் இருந்தது. கரையோர அதிகார சபையின் இசைவையோ யாரும் பெறவில்லை. பிழை தெரிந்ததும் அனுமதியை விலக்குவதற்காக 2007-இல் நோட்டீஸ் விடப்பட்டது. கட்டுநர்கள் ஹைகோர்ட்டை அணுகித் தடையுத்தரவு பெற்றனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. மாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

வீடு வாங்கினோரில் ஓய்வு பெற்றோரும், வெளிநாட்டில் உழைத்துப் பொருள் சேர்த்தோரும் உண்டு. ஸ்தல ஸ்தாபனத்தின் முத்திரை இருக்கிறது, இனி என்ன அச்சம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். பிற மாநிலங்களில் மனை தேடும் நாமும் அந்த முத்திரைக்கு அப்பால் எத்தனை தாள்களைக் கேட்டு வாங்குகிறோம்?

2019 மே 8-ஆம் நாள், நான்கு கட்டடத் தொகுதிகளையும் அகற்றுமாறு சுப்ரீம் கோர்ட் ஆணையிட்டது. கட்டியது கட்டியாயிற்று, விலக்களித்து விட்டுவிடலாம் என்ற வேண்டுகோள் எடுபடவில்லை. வெள்ளமும் கரையரிப்பும் கண்ட நாட்டில் அது கடுமையான தீர்ப்பு என்று கூற நமக்கு மனம் வரவில்லை. எனினும் முதல் தண்டனை, குற்றம் செய்யாத குடியிருப்போர் மீதல்லவா விழுந்தது! ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் இடைக்கால நஷ்ட ஈடாக 25 லட்சம் ரூபாயை மாநில சர்க்கார் கொடுத்துவிட்டுப் பின்னர்க் கட்டுநர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென அவ்வாண்டு செப்டம்பரில் கோர்ட் பணித்தது. அனுமதி தந்த பஞ்சாயத்தோ அதற்குள் நகராட்சியாகவே மாறிவிட்டிருந்தது.

2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் வெடிமருந்து வைத்து நான்கையும் தகர்த்தனர். சுற்றுப்புறத்தார் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறி, தொலைவில் நின்று பார்த்தனர். முதலில் விழுந்தது 19 மாடிக் கட்டடம். சில நொடிகளில் தரைமட்டமாயிற்று. தூசி அடங்கிய பின் எஞ்சிய கற்குவியலை லாரிகளில் ஏற்றி அகற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று.