அடுப்பும் கல்லும்

ஆந்திரத்தின் குப்பம் ஊரிலிருந்து பலமநேர் போகும் சாலையில் சாந்திபுரத்தில் இறங்கினால், காலை ஏழு மணிக்குள் டிபன் வண்டிகளில் தோசைக்கல் காய்ந்திருக்கும். ஒருவர் தெலுங்கில் கேட்பார், அடுத்தவர் தமிழில் கேட்பார், கோலார் பக்கத்து லாரிக்காரர் கன்னடத்தில் கேட்பார். மாஸ்டர் மூன்றுக்கும் தலையாட்டியபடி ஒரே கல்லில் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சென்ற விடுமுறையில் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன் அந்த வண்டியின் முன்னால் நின்றுகொண்டு கேட்டான்: “மாமா, இந்தப் பக்கம் நல்ல பீட்சா எங்க கிடைக்கும்?”

அவன் எதிர்பார்த்தது ஒரு கடையின் பெயரை. என்னிடம் பெயர் இல்லை. ஆனால் கேள்வியை விட மனம் வரவில்லை. நல்ல தோசையைக் கண்டால் சொல்லிவிடுகிறோம். நல்ல பீட்சாவை எதை வைத்துச் சொல்வது? தெரிந்ததைப் பக்கத்தில் வைத்துத்தான் தெரியாததை அளக்க முடியும். அப்படித்தான் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவையும் எங்கள் ராயலசீமைக் காரம் தோசையையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது பழைய கணக்கு ஒன்று. நேப்பிள்ஸுக்கு வடக்கே கயேத்தா என்ற கடற்கரை ஊரில் 997-ஆம் ஆண்டு எழுதப்பட்ட லத்தீன் பத்திரத்தில் பீட்சா என்ற சொல் வருகிறது. ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவர், கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டும் ஈஸ்டருக்குப் பன்னிரண்டுமாக அந்த ஊர் ஆயருக்குப் பீட்சா கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தப் பக்கம் திருமலைக்கு வாருங்கள். விஜயநகர காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, சுகியன்படி என்ற வரிசையில் தோசைப்படியும் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் ஒரு பங்கு உண்டு. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அங்கே குத்தகைக் கணக்கு, இங்கே கட்டளைக் கணக்கு. இரண்டு பண்டமும் சாமிக்குச் சேர வேண்டிய பாக்கியாக ஏட்டில் ஏறியிருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து பீட்சாவை வெளியூர்க்காரனாக என்னால் பார்க்க முடியவில்லை.

கயேத்தா பீட்சாவில் தக்காளி கிடையாது. திருமலைத் தோசையில் மிளகாய்க் காரம் இருந்திருக்காது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள்; 1492-க்குப் பிறகுதான் கடல் கடந்தன. ஆக, இன்று இரண்டின் முகத்திலும் இருக்கும் சிவப்பு பின்னால் வந்து சேர்ந்தது. அடியில் இருக்கும் மாவுதான் பழசு. என் தேடலுக்கு இந்த ஒரு விஷயம் போதுமான வெளிச்சம் தந்தது.

மாவிலிருந்தே தொடங்குவோம். நேப்பிள்ஸ் வழக்கப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.7 கிலோ கோதுமை மாவு, 50 கிராமுக்குச் சற்று மேலே உப்பு, ஈஸ்ட் வெறும் 3 கிராம். அந்த மூன்று கிராமைக் கவனியுங்கள். ஈஸ்டை அள்ளிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், ருசி வராது. குறைவாகப் போட்டு, மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம் பக்கம் அந்த மூன்று கிராமும் இல்லை. நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கை வெந்தயம்; உளுந்தின் மேல் ஒட்டிக்கொண்டே வரும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. முக்கியமாக லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, புளிப்பையும் காற்றையும் அதுவே தருகிறது. குப்பம், சாந்திபுரம் எல்லாம் மேட்டு நிலம். மார்கழியில் இங்கே இரவு நன்றாகக் குளிரும். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே விடிந்த பிறகும் சோம்பிக் கிடக்கும். குண்டானைச் சாக்கில் சுற்றி அடுப்பங்கரை ஓரம் வைப்பது எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு.

பொங்கிய காற்றைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். கோதுமைக்கு அதன் குளூட்டன் இருக்கிறது. பிசையப் பிசைய அது வலைபோலப் பின்னிக்கொள்ளும். அரிசியில் குளூட்டன் இல்லை. அந்த வேலையை உளுந்தின் புரதமும் வழவழப்பும் செய்கின்றன. அதனால்தான் பாட்டிமார் உளுந்தைத் தனியாக ஆட்டி, கையில் எடுத்துப் பார்த்து, ‘இன்னும் பஞ்சாகல’ என்று திரும்ப ஆட்டச் சொன்னார்கள். பீட்சா மாஸ்டர் பிசைந்த மாவை விரல்களால் இழுத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். நிதானமாகப் புளித்த மாவின் ஓரத்தைப் பிய்த்தால் துளைகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஆப்பசோடா போட்டு அவசரப்படுத்திய தோசையிலும், ஈஸ்டைக் கொட்டி அவசரப்படுத்திய பீட்சாவிலும் துளைகள் ஒரே அளவாக, பஞ்சு மெத்தைபோல இருக்கும். நாக்கின் பின்பக்கம் ஒரு சோப்பு வாடை தட்டினால் அது சோடா.

நெருப்பில் இரண்டும் பிரிகின்றன. நேப்பிள்ஸின் விறகு அடுப்பு செங்கல் குவிமாடம். அதன் சூடு 430 டிகிரிக்கு மேலும் போகும். அடியிலிருந்து செங்கல் சுடும், மேலே கவிந்த குவிமாடம் சூட்டைத் திருப்பி அனுப்பும். 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெளியே வந்துவிட வேண்டும். ஓரம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். தோசைக்கல்லுக்குக் கூரை இல்லை. சூடு அடியிலிருந்து மட்டும். மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பதைச் சுத்தம் செய்வது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சூட்டைக் குறைப்பது. கல் அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் மாவு ஊற்றிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பரப்ப வராது. தண்ணீர் தெளிக்கும்போது வரும் ‘சொய்’ என்ற சத்தத்தைக் கேட்டே மாஸ்டர் சூட்டைச் சொல்லிவிடுவார். பீட்சா மாஸ்டர் நெருப்பைக் கூட்டியபடியே இருக்கிறார், நம்மவர் தோசைக்குத் தோசை அதைத் தணிக்கிறார். கைத்திறன் இரண்டிலும் ஒன்றுதான்.

காரம் தோசையைச் சற்றுக் கனமாக ஊற்றுவார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயம் சேர்த்து அரைத்த செவ்விழுதைத் தடவி, பொட்டுக்கடலைப் பொடி தூவி, எண்ணெயோ நெய்யோ விட்டு, பெரும்பாலும் திருப்பிப் போடாமல் எடுப்பார்கள். ஒரு முகம் மொறுமொறுப்பு, மறுமுகம் மெத்து. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. தெலுங்கில் பல்லிச் சட்னி. நிலக்கடலை விளையும் சீமைக்கு அதுதான் பொருத்தம்.

இங்கிருந்து வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் முல்பாகல். அந்த ஊர்த் தோசைக்கு ஊர்ப்பெயரே பெயர்: தடிமனாக, வெளியே முறுகி, உள்ளே பஞ்சாக. இன்னும் வடமேற்கே தாவணகெரெயில் மாவோடு பொரி சேர்த்து அரைத்து, வெண்ணெயை மேலே விட்டுச் சுடும் பெண்ணெ தோசை. கிழக்கே இறங்கி வேலூர்ப் பக்கம் வந்தால் கல் தோசையும் ஊத்தப்பமும். ஒரு பகல் பேருந்துப் பயணத்துக்குள் தோசை இத்தனை முறை குணம் மாறுகிறது. இத்தாலியிலும் அப்படித்தான். நேப்பிள்ஸிலிருந்து ரோம் போனால் ஓரம் உப்பாத, அப்பளம்போல நொறுங்கும் பீட்சா. இன்னொரு வகையைத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். சிசிலியில் கனமான ஸ்ஃபின்சியோனே. கடல் கடந்த இத்தாலியர்கள் போன இடத்து எரிபொருளையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள்: நியூயார்க்கில் 1905-இல் லொம்பார்டி கடையின் நிலக்கரி அடுப்பு, சிகாகோவில் 1943-இல் பிறந்த ஆழத்தட்டுப் பீட்சா, டெட்ராய்ட்டில் 1946-இல் மோட்டார் தொழிற்சாலைகளின் எஃகுத் தட்டில் சுட்ட சதுரப் பீட்சா.

நேப்பிள்ஸ்காரர்கள் ஒரு படி மேலே போய்த் தங்கள் வழக்கத்தை எழுதி வைத்தார்கள். 1984-இல் சங்கம் அமைத்தார்கள். மாவைக் கையால்தான் விரிக்க வேண்டும், உருட்டுக்கட்டை கூடாது, விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவைப் பாரம்பரிய உணவாகப் பதிந்தது. 2017-இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மரபுப் பட்டியலில் சேர்த்தது. முல்பாகல் தோசைக்கு இப்படி ஒரு விதிப்புத்தகம் வேண்டுமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன். பெருநகரத்து உணவகப் பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டு மெல்லிசான மசால் தோசையை நீட்டும்போது, ‘இது அது இல்லை’ என்று சொல்ல முல்பாகல்காரருக்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

இரண்டும் உழைப்பாளிகளின் தீனி. நேப்பிள்ஸ் தெருவில் பீட்சாவை நாலாக மடித்துக் கையில் வைத்துத் தின்பார்கள். பணப்பை மடிப்பு என்று அதற்குப் பெயர். இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் ‘எட்டு நாள் பீட்சா’வும் அங்கே இருந்தது. 1843-இல் வந்த பயண நூலில் அலெக்சாந்தர் துமா அதை எட்டு நாளைக்கு முன் சுட்ட பழைய பீட்சா என்று எழுதிவிட்டார். டீக்கடைக் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்த நம்மில் யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டோம்.

தக்காளிக்கு வருகிறேன், எனக்கு மனம் வலிக்கும் இடம் இது. வெசூவியஸ் எரிமலை அடிவாரத்துச் சான் மார்சானோ தக்காளி நீளமானது, விதையும் நீரும் குறைவு, சதை அதிகம். 1996 முதல் அதற்கு ஐரோப்பியப் பாதுகாப்புப் பெயர் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் இருப்பது நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. பலமநேர், வி.கோட்டா, சாந்திபுரம் எங்கும் தக்காளித் தோட்டங்கள். 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டியதும் உண்டு. சித்தூரில் மாம்பழத்துக்குக் கூழ் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. தக்காளிக்கு அந்த அளவு இல்லை. பால் வளமும் இருக்கும் பூமி இது. இப்படிப்பட்ட ஊரில் பீட்சா மேல் பாட்டில் சாஸைத் தடவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே விளையும் பெங்களூர்த் தக்காளி தூரப் பயணத்துக்காகத் தேர்ந்த ரகம், தோல் கெட்டி. ஆனால் நன்றாகப் பழுத்ததைக் கையால் நசுக்கி, நீரை வடித்து, உப்பு மட்டும் போட்டுப் பாருங்கள். பாட்டிலைத் தொட மாட்டீர்கள்.

இந்தியாவுக்குப் பெரிய பீட்சா நிறுவனங்கள் 1996-இல் வந்தன. டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் முதல் கடையைத் திறந்தன. அவற்றின் சிறப்பு எங்கே போனாலும் ஒரே மாதிரி இருப்பது. உள்ளூர் ருசி தேடுபவருக்கு அங்கே வேலை இல்லை. தமிழர்கள் எளிதில் போகக்கூடிய இடத்தில் விறகு அடுப்புப் பீட்சா வேண்டுமென்றால் ஆரோவில்லுக்குப் போகலாம். தாந்தோ என்ற கடையில் மெல்லிய ரொட்டி விறகு நெருப்பில் வேகிறது. அங்கேயே லா ஃபெர்ம் என்ற பண்ணையில் சீஸும் செய்கிறார்கள்.

எங்களைப் போன்ற சிறு ஊர்களில் இருப்பது பேக்கரிப் பீட்சா. வட்டப் பன், குடைமிளகாய், வெங்காயம், துருவிய சீஸ். இதை மட்டமாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிகள் காரப் பன்னையும், வெங்காய மசாலா பரப்பிய ரொட்டி டோஸ்ட்டையும் வெகுகாலமாகச் செய்துவருகின்றன. அந்தக் கைகளுக்கு மாவு தெரியும். டெட்ராய்ட்டின் தட்டுப் பீட்சா ஒரு பாணி என்றால் இதுவும் ஒரு பாணியாக வளரலாம். கெடுப்பது ஒன்றே: பாக்கெட்டில் வரும் ரெடிமேட் பேஸ். அதை முன்பே எங்கோ அரைவேக்காடாகச் சுட்டிருப்பார்கள். கடைக்காரர் மேலே இருப்பதைச் சூடாக்கித் தருகிறார், அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன வழி இதுதான். கடைக்குள் நுழைந்ததும், மாவு இங்கேயே பிசைகிறீர்களா என்று கேள். பட்டியலைப் பார்; நேப்பிள்ஸில் 1870-இல் தொடங்கிய தா மிகேலே கடை நெடுங்காலம் இரண்டே வகை பீட்சாதான் விற்றது. முதலில் எளியதை வாங்கு: தக்காளியும் சீஸும் மட்டும். சோளமும் பன்னீரும் மயோனைஸும் கேட்காதே, அவை மாவின் குறையை மூடிவிடும். ஓரத்தைப் பிய்த்து வெளிச்சத்தில் காட்டு.

மறுநாள் காலை வண்டிக்குப் போனோம். வழக்கமாகக் காரம் தோசை கேட்பவன், “முதல்ல ஒரு ப்ளெயின், அண்ணா” என்றான். தட்டு வந்ததும் ஓரத்தைப் பிய்த்து, கிழக்கே எழுந்த வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைகளைப் பார்த்தான். மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி, உப்பு கம்மியா?”