புள்ளிக் காட்டாந்தையும் பட்டைக் காட்டாந்தையும்

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் இந்த இரண்டு இரவாடிகளும் ஸ்ட்ரிக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழுப்புக் காட்டாந்தையும் இதே பேரினம்தான். நம் தோப்புகளில் காணும் சிறிய புள்ளி ஆந்தை வேறு பேரினம்.

இரண்டுக்கும் உருண்டைத் தலை, கரும்பழுப்புக் கண்கள். காதுபோல் நீட்டிய இறகுக் கொத்து இல்லை. புள்ளிக் காட்டாந்தையின் கரும்பழுப்பு மார்பிலும் வயிற்றிலும் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். சற்றே பெரிதும் வெளிர்நிறமுமான பட்டைக் காட்டாந்தைக்கு மேல்மார்பில் குறுக்குப் பட்டைகளும் வயிற்றில் நெடுங்கோடுகளும் உண்டு. இருட்டில் குரலே நம்பகமான அடையாளம். புள்ளி இனம் பெரும்பாலும் நான்கு அசைகளில் கூவும். பட்டை இனம் இரு பாதிகளாக எட்டு அசைகளில் கூவும். பட்டை இனத்தின் இணைகள் சேர்ந்து எழுப்பும் ஆரவாரம் வெகுதூரம் கேட்கும்.

இரண்டையும் உண்மையில் பிரிப்பது இரைதான். புள்ளி இனத்தின் வடக்குத் துணையினம் பறக்கும் அணில், மர எலி போன்ற சிறு பாலூட்டிகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. பல அடுக்கு விதானமும் பொந்து விழுந்த பெருமரங்களும் கொண்ட முதுகாடே அதன் வீடு. தானாகக் கூடு கட்டாது; எல்லா ஆண்டும் முட்டையிடாது. பட்டை இனமோ எலி, தவளை, மீன், நன்னீர் இறால், பூச்சி, சிறு பறவை என்று அகப்பட்டதைத் தின்னும். இளங்காட்டிலும் ஊரோர மரக்கூட்டத்திலும் பிழைக்கும். ஆகவே அதற்குச் சிறு பரப்பே போதும். ஒரு புள்ளி இணை வேட்டையாடும் பரப்பில் பல பட்டை இணைகள் குடியேறிவிட முடியும்.

முன்பு பட்டை இனம் கண்டத்தின் கிழக்கிலும் புள்ளி இனம் மேற்கிலும் இருந்தன; நடுவே மரமற்ற பெரும்புல்வெளி. குடியேறிகள் அங்கே மரம் நட்டதும், காட்டுத்தீயை அடக்கியதும் மேற்கே வழி திறந்தன என்பது பரவலான விளக்கம். பட்டை இனம் 1940களில் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்து, பின்னர் வாஷிங்டன், ஒரிகன், கலிபோர்னியா மாநிலங்களுக்கு இறங்கியது. இரண்டும் எப்போதாவது கலந்து குஞ்சு பொரிப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் நடப்பது விரட்டலே. பட்டை இனம் வந்த இடத்தில் புள்ளி இனம் கூவுவதையே குறைத்துக்கொள்கிறது. குரலைக் கொண்டு கணக்கெடுப்போருக்கு இது பெரிய இடர்.

முதுகாடுகள் வெட்டப்பட்டதால் வடக்குத் துணையினம் 1990இல் அமெரிக்காவில் அச்சுறுத்தலுக்குள்ளானதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1991இல் நீதிமன்றம் இந்த ஆந்தை வாழும் கூட்டரசுக் காடுகளில் மர விற்பனைக்குத் தடை விதித்தது. மரத்தொழிலாளர்களின் கோபம் இந்தப் பறவைமேல் திரும்பிய காலம் அது. 1994இல் வடமேற்கு வனத் திட்டம் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கருக்கு நெறிமுறை வகுத்தது. ஆனாலும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது.

பட்டை ஆந்தைகளைச் சுட்டு அகற்றிப் பார்த்த நீண்டகால ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அகற்றிய பகுதிகளில் புள்ளி இனத்தின் சரிவு ஆண்டுக்கு 0.2 விழுக்காடாக நின்றது. அகற்றாத பகுதிகளில் 12.1 விழுக்காடு. 2024இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை, 30 ஆண்டுகளில் அதிகபட்சம் சுமார் 4.5 லட்சம் பட்டை ஆந்தைகளை அகற்றும் திட்டத்தை ஏற்றது. விலங்குநல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஒரு காட்டு ஆந்தைக்காக இன்னொன்றைச் சுடுவது மனம் கசக்கும் வேலைதான். ஆயினும் முதுகாட்டைக் காப்பது மட்டும் போதாது என்பதை மேற்சொன்ன எண்கள் காட்டுகின்றன. காட்டைக் காக்காமல் சுடுவதும் வீண்.

கனடாவில் நிலை இன்னும் மோசம். அங்கே காட்டில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007 முதல் புள்ளி இனம் கூண்டில் வளர்த்துப் பெருக்கப்படுகிறது. 2022இல் அங்கிருந்து மூன்று ஆண் ஆந்தைகளைக் காட்டில் விட்டார்கள். ஒன்றும் அங்கே நிலைகொள்ளவில்லை.