ஹட்டூசாவில் விழா நடந்த முறை

படை நடத்தும் காலம் வசந்தம். ஆனாலும் ஹிட்டைட் அரசன் இரண்டாம் முர்சிலி ஒரு வசந்தத்தில் நேரே தலைநகர் ஹட்டூசாவுக்கு வந்தான். புயல் தெய்வத்துக்குப் புருல்லி விழா எடுத்தாயிற்று. பாதாளத் தெய்வமான லெல்வானிக்கு உரிய பெருவிழா மட்டும் பாக்கி இருந்தது. அதை முடிப்பதற்காகவே வந்ததாகத் தன் ஆண்டுக்குறிப்பில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது அவன் ஆட்சி. எகிப்தியப் போர்க்கைதிகளோடு வந்த கொள்ளைநோய் அவன் தந்தை காலம் தொட்டு இருபது ஆண்டுகள் நாட்டை வாட்டியது. காரணம் தேடிக் குறிகேட்ட முர்சிலி, மாலா ஆற்றுக்குச் செலுத்த வேண்டிய பலி நின்றுபோயிருந்ததைப் பழைய களிமண் பலகை ஒன்றில் கண்டான். மாலா என்பது இன்றைய யூப்ரடீஸ். விட்டுப்போன ஒரு பூசை நாட்டையே அழிக்கும் என்று நம்பிய மக்கள், விழாவை அரசாங்கத்தின் அன்றாட வேலையாகவே நடத்தினார்கள். இன்றைய துருக்கியின் போகஸ்காலேயில் 1906 முதல் தோண்டி எடுக்கப்பட்ட பலகைகளிலும் துண்டுகளிலும் விழாமுறை பற்றியவையே மிகப் பெரிய தொகுதி.

ஹட்டூசாவின் பெருங்கோயிலில் புயல் தெய்வத்துக்கும் அரின்னா நகரின் சூரியதேவிக்கும் தனித்தனிக் கருவறைகள் இருந்தன என்பர். சுற்றிலும் பண்டகசாலைகள், ஆள் உயரத் தாழிகள். பணியாளர் பட்டியல் ஒன்று 200 பேருக்கு மேல் காட்டுகிறது. அவர்களில் 52 பேர் எழுத்தர்கள். பூசாரிகளோ 18 பேர்தான்! கணக்கும் குறிப்பும் அந்தக் கோயிலில் எவ்வளவு பெரிய வேலையாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோயில் ஊழியருக்கான அரச ஆணைகள் வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமானவை. தெய்வத்துக்கு ரொட்டி செய்பவர் குளித்து, நகமும் முடியும் வெட்டி, சுத்த உடை உடுத்தியிருக்க வேண்டும். நாயும் பன்றியும் மடைப்பள்ளி வாசலை அண்டக் கூடாது. பூசாரி இரவில் கோயிலிலேயே படுக்க வேண்டும். அடுப்பு நெருப்பை அணைத்துவிட்டதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விழாவைத் தள்ளிப்போடுவது பற்றிய ஆணைதான் எனக்கு மிகப் பிடித்தது. அறுவடை இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, பயணம் போகிறேன் என்று எவன் வந்து கெஞ்சினாலும் இடங்கொடுக்காதே, இலையுதிர்கால விழாவை வசந்தத்தில் எடுக்காதே என்கிறது அது. இப்படிக் கெஞ்சியவர்கள் இருந்திருக்கிறார்கள்; இல்லாவிட்டால் இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

நீண்ட விழாக்களில் ஒன்று வசந்தத்தின் அந்தஹ்ஷும். ஒரு செடியின் பெயரே விழாவுக்கும் பெயர். குங்குமப்பூ இனம் என்று பலர் கருதுகின்றனர். சுமார் 38 நாட்கள் அரசனும் அரசியும் ஊர் ஊராகப் போவார்கள். சில நாட்களில் அரசன் ஓரிடத்திலும் அரசி வேறிடத்திலும் பூசை செய்வதுண்டு. ஒவ்வோர் இடத்திலும் அரசன் கை கழுவித் துணியால் துடைப்பான், ரொட்டியைப் பிட்டுப் படைப்பான், மதுவை வார்ப்பான். பிறகு தெய்வங்களின் பெயர் சொல்லி, நின்றோ அமர்ந்தோ வரிசையாகக் குடிப்பான். அப்போது யாழ் ஒலிக்கும். ஹிட்டைட் மொழியினர் அங்கு வேரூன்றுமுன் வழங்கிய ஹட்டிக் மொழியில் பாட்டு எழும். அந்த மொழி மக்கள் நாவிலிருந்து மறைந்த பின்னும் வழிபாட்டில் விடாமல் காத்தார்கள்.

கி.லாம் என்ற இன்னொரு விழாவில் விலங்குகளின் உலோக உருவங்கள் ஊர்வலம் போகும், ஓட்டப் பந்தயம் நடக்கும். பல ஊர்ப் பண்டகசாலை அதிகாரிகள் தத்தம் விளைபொருளை அரசன் முன் கொண்டுவந்து வைப்பார்கள்.

கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் துத்தலியா ஊர்க்கோயில்களைக் கணக்கெடுக்கச் செய்தான். எந்த ஊரில் எந்தத் தெய்வம், உருவம் கல்லா வெள்ளியா, பூசாரி உண்டா, விழாவுக்கு எத்தனை ரொட்டி, எவ்வளவு பீர் என்று அத்தனையும் பதிவாயின. சிற்றூர் விழாக்களின் ஒழுங்கு அதில் தெளிவாகத் தெரிகிறது. இலையுதிர்காலத்தில் தாழியில் தானியம் நிரப்பி மூடுவார்கள். வசந்தத்தில் இடி முழங்கியதும் திறந்து, அரைத்து, ரொட்டி சுட்டுத் தெய்வத்துக்குப் படைப்பார்கள். குர்ஷமஷ்ஷா என்ற ஊரில் இளைஞர்கள் இரு அணியாகப் பிரிந்து போலிப் போர் புரிந்தனர். ஹட்டி, அதாவது ஹிட்டைட் நாட்டின் அணிக்கு வெண்கல ஆயுதம், அயல்நாடான மாசாவின் அணிக்கு நாணல் ஆயுதம். வெற்றி ஹட்டிக்கே, பிடிபட்டவனைத் தெய்வத்துக்கு ஒப்புவித்தார்கள்.