குற்றப்பத்திரிகைக்கு வெளியே இருந்த குற்றம்: போர்க்காலப் பாலியல் வன்முறையும் பன்னாட்டு நீதிமன்றங்களும்

தான்சானியாவின் அருஷா நகரில், ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் முன் 1997 ஜனவரியில் ழான்-பால் அக்காயேசு மீதான விசாரணை தொடங்கியது. ஆசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் வேலை பார்த்தவர் அவர். துட்சி இனத்தவர்மீது நடந்த 1994 இனப்படுகொலையின்போது டாபா என்ற உள்ளாட்சிப் பகுதியின் மேயர். அவர்மீது சுமத்தப்பட்ட 12 குற்றச்சாட்டுகளில் ஒன்றிலும் பாலியல் வன்முறை இல்லை. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்போ, வன்புணர்ச்சி இனப்படுகொலையின் ஒரு செயலாகவும் அமையலாம் என்று ஒரு பன்னாட்டு நீதிமன்றத்தின் வாயிலாக முதன்முறை அறுதியிட்டது. இடைப்பட்ட 20 மாதங்களில் தீர்ப்பாயத்தின் சட்டத்தில் இதற்கென ஒரு வரியும் சேர்க்கப்படவில்லை. பிறகு எது மாறியது?

தடை என்னவோ பழையதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடமாநிலப் படைகளுக்கென 1863இல் வகுக்கப்பட்ட லைபர் விதித்தொகுப்பு, பொதுமக்கள் மீதான வன்புணர்ச்சிக்கு மரண தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. 1907 ஹேக் விதிகள் அதைக் 'குடும்ப மானம்' என்ற போர்வைக்குள் வைத்தன. 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் வன்புணர்ச்சியைப் பெயர் சொல்லியே தடுத்தது. ஆனால் அங்கும் அது மானத்தின் மீதான தாக்குதல்தான். நாடுகள் கட்டாயம் வழக்குத் தொடரவேண்டிய கடும் மீறல்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

நாஜிகளை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயத்தின் சாசனத்திலும் வன்புணர்ச்சி என்ற சொல் இல்லை. பிரெஞ்சுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் இதற்கான சான்றுகளை மன்றத்தின் முன் வைத்தபோது, கொடூரமான விவரங்களைச் சொல்லாமல் விடுவதற்காகப் பொறுத்தருளக் கேட்டுக்கொண்டு மேலே சென்றார். அந்தக் கூச்சம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல என்பதற்கு அடுத்த அரை நூற்றாண்டே சான்று. டோக்கியோ தீர்ப்பாயத்தில், ஜப்பானியப் படை சீனாவின் நான்ஜிங்கில் நிகழ்த்திய கொடுமைகள் பதிவாயின. அவற்றைத் தடுக்கத் தவறியதற்காகத் தளபதி மட்சுய் இவானே தூக்கிலிடப்பட்டார். ஜப்பானியப் படை பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களின் கதையோ அங்கே வழக்காகவே எழவில்லை.

பொஸ்னியப் போரில் நடந்த வன்புணர்ச்சிகள்தான் மௌனத்தை உடைத்தன. 1993இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கும் 1994இல் ருவாண்டாவுக்கும் பாதுகாப்பு அவை அமைத்த தீர்ப்பாயங்களின் சட்டங்கள், மானுடத்துக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் வன்புணர்ச்சியை வெளிப்படையாகச் சேர்த்தன. ஆக, அக்காயேசு கூண்டில் நின்ற நாளில் சட்டம் தயாராகவே இருந்தது. அதைக் கையில் எடுக்கத்தான் ஆளில்லை.

நீதிமன்றப் பதிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 'ஜே' என்று மட்டும் குறிக்கப்பட்ட சாட்சி ஒரு துட்சிப் பெண். தன் ஆறு வயது மகளை இன்டரஹாம்வே ஆயுதக்குழுவினர் மூவர் வன்புணர்ந்ததை அவர் சொன்னார். நீதிபதிகள் அதோடு விடவில்லை. மேலும் கேட்டார்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் இளம்பெண்கள் வன்புணரப்பட்டதாகக் கேள்விப்பட்டதாகப் பதில் வந்தது. அடுத்து சாட்சி 'எச்'. தான் சோளக்காட்டில் வன்புணரப்பட்டதையும், அலுவலக வளாகத்துக்குச் சற்று வெளியே வேறு பெண்களுக்கு அது நேர்ந்ததைக் கண்ணால் கண்டதையும் சொன்னார். பெண்ணுரிமை அமைப்புகளும் மன்றத்துக்கு மனு அளித்திருந்தன. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டு மூன்று குற்றச்சாட்டுகள் கூடின. முன்பு சான்று கிடைக்காததற்கு, பாதிக்கப்பட்டோரின் வெட்கத்தோடு தங்கள் புலனாய்வின் உணர்வின்மையும் காரணமாக இருக்கலாம் என்று வழக்குத் தொடுத்த தரப்பே ஒப்புக்கொண்டது.

மூவர் அமர்வில் தலைமை வகித்தவர் செனகலின் லைட்டி காமா; உடனிருந்தவர்கள் ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென், தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ் வழிவந்த ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, நிறவெறி அரசை எதிர்த்தவர்களுக்காக வாதாடியவர் பிள்ளை. அமர்வில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். தனியொருவரின் வெற்றியாக இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவது மிகை. தீர்ப்பு மூவருடையது, வாய் திறந்தவர்கள் சாட்சிகள். ஆனாலும் குற்றப்பத்திரிகையில் இல்லாததைக் கேட்க மனம் வந்த ஓர் அமர்வு அது.

தீர்ப்பு இரண்டு வகையில் புதிது. இனப்படுகொலை ஒப்பந்தம் சொல்லும் 'உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு' என்ற கூறுக்குள் வன்புணர்ச்சியை அது கொண்டுவந்தது. வரையறையையும் புதிதாகத் தந்தது: வற்புறுத்தும் சூழலில் ஒருவர்மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மையுள்ள உடல் அத்துமீறல். உடலுறுப்புகளைப் பட்டியலிடுவதால் இக்குற்றத்தின் சாரம் பிடிபடாது என்று கூறி, சித்திரவதையோடு அதை ஒப்பிட்டது. அலுவலக முற்றத்தில் ஒரு மாணவியை ஆடை களைந்து கூட்டத்தின் முன் உடற்பயிற்சி செய்யவைத்ததையும் பாலியல் வன்முறை என்றே கொண்டது. தொட்டால்தான் குற்றம் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. அக்டோபர் 2 அன்று அக்காயேசுவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அதன்பின் பாதை நேராகப் போகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் ஃபுருன்ஜியா வழக்கில் மீண்டும் உடலுறுப்புகளின் பட்டியலுக்கே திரும்பியது. பொஸ்னியாவின் ஃபோச்சா நகரப் பெண்களைப் பற்றிய குனாராட்ஸ் வழக்கு (2001) பாலியல் அடிமைத்தனத்தைத் துணிவாகத் தண்டித்தது. கூடவே, சம்மதமின்மையை வரையறையின் மையத்தில் வைத்தது. சூழலே சம்மதத்தை இல்லாமலாக்கக்கூடும் என்று மேல்முறையீட்டு அமர்வு சேர்த்துச் சொன்னது உண்மைதான். இருந்தும் என் கணிப்பில் அக்காயேசுவின் வழியே போர்க்களத்துக்குப் பொருந்தும். ஆயுதக்குழு சூழ்ந்து நிற்கும் முற்றத்தில் பெண்ணின் சம்மதத்தைப் பற்றிப் பேச்செடுப்பதே வீண்.

1998 ஜூலையில் ஏற்கப்பட்ட ரோம் சாசனம் பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. ஆயினும் அச்சாசனம் நிறுவிய பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் வழக்கான, காங்கோ ஆயுதக்குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில் அருஷாவின் கதையே திரும்பியது. சிறார் படையில் இருந்த சிறுமிகளுக்கு நேர்ந்ததைச் சாட்சிகள் சொன்னார்கள். குற்றப்பத்திரிகையில் அது இல்லை. இம்முறை வழக்கின் போக்கில் அதைச் சேர்க்க வழியும் அடைபட்டது. விசாரணை அமர்வின் பெரும்பான்மை எடுத்த முயற்சியை 2009 டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு ரத்து செய்தது. 2012இல் லுபாங்கா சிறாரைப் படையில் சேர்த்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டார்.

சட்டத்தின் சொற்களைத் திருத்துவதில் செலவான உழைப்பில் ஒரு பங்காவது முதல் வாக்குமூலம் எடுக்கும் புலனாய்வாளரைப் பயிற்றுவிப்பதில் செலவாகியிருக்க வேண்டும். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் 2016இல் வன்புணர்ச்சிக்கும் சேர்த்துத் தண்டிக்கப்பட்ட காங்கோ ஆயுதக்குழுத் தலைவர் ழான்-பியேர் பெம்பா, 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். காங்கோவின் மற்றொரு ஆயுதக்குழுத் தளபதி போஸ்கோ என்டகாண்டாவுக்கு விதிக்கப்பட்ட 30 ஆண்டுச் சிறைத் தண்டனை 2021 மார்ச் 30 அன்று உறுதியானது. 2002 ஜூலையில் செயலுக்கு வந்த அந்நீதிமன்றத்தில், பாலியல் குற்றத்துக்காக மேல்முறையீட்டையும் தாண்டி நிலைத்த முதல் தண்டனை அதுவே.