கண்ணாமூச்சி ஆடிய கிழவர்

ஒரு கிழவர் பேரனோடு கண்ணாமூச்சி ஆடுகிறார். ஆட்டத்தின் நடுவிலேயே உடை மாற்றிக்கொண்டு வாசல் பக்கம் நழுவிவிடுகிறார். அவர் போகிற இடம் கியோட்டோ. அங்கே இருப்பவள் அவருடைய பழைய தொடுப்பு.

யாஸுஜிரோ ஓஸு 1961-ல் எடுத்த படம் இது. ஜப்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கோஹாயகவா குடும்பத்தின் இலையுதிர்காலம்’ என்று வரும். கிழவர் மன்பே, ‘சாக்கே’ என்னும் அரிசி மது வடிக்கும் பழைய குடும்பத்தின் தலைவர். பெண்டாட்டி காலமாகிவிட்டாள். வியாபாரமும் தேய்ந்து, பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிடலாமா என்ற பேச்சு நடக்கிறது. அவருக்கோ அதிலெல்லாம் மனம் இல்லை. பின்தொடர்ந்து வேவு பார்க்க வந்த குமாஸ்தாவைக் கையும் களவுமாகப் பிடித்துத் திணற அடிப்பதில்தான் உற்சாகம்.

முதல் தடவை பார்த்தபோது நன்றாகச் சிரித்தேன். இரண்டாம் தடவை, மூத்த மகள் ஃபுமிகோ தகப்பனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் சிரிப்பு வரவில்லை. அம்மா பட்டதெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. இருபது வருஷம் முன்னால் இப்படி ஒரு மகள் கேட்டிருக்க முடியுமா? பழைய சிவில் சட்டத்தில் குடும்பத் தலைவனுக்குத் தனி அதிகாரம் இருந்தது. சோரம் போன மனைவிக்குச் சிறை. கணவனுக்கு அதே சட்டம் கிடையாது. யுத்தத்தில் தோற்ற பிறகு, 1947-ல்தான் இவை ஒழிந்தன. மன்பே பழைய சட்டத்தில் வாலிபத்தைக் கழித்துவிட்டுப் புதுச் சட்டத்தில் கிழவரானவர். அதனால்தான் சொந்த வீட்டிலேயே திருடனைப் போல் நழுவ வேண்டியிருக்கிறது. ஹாஸ்யம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

கியோட்டோ வீட்டிலும் பெரிய காதல் ஒன்றும் காத்திருக்கவில்லை. அங்கே யூரிகோ என்று ஒரு பெண். இவருக்குப் பிறந்தவள்தானா என்பது தாய்க்கே வெளிச்சம். அந்தப் பெண் அமெரிக்க வாலிபர்களோடு சுற்றுகிறாள். ‘அப்பா’விடம் மிங்க் ரோமத்தில் தோளாடை கேட்கிறாள். கிழவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாத பாவனைதான் அவருடைய சந்தோஷம். ஓஸு படுக்கையறையைக் காட்டுவதில்லை. இரண்டு கிழங்கள் உட்கார்ந்து பழைய கதை பேசுகின்றன, அவ்வளவே.

மன்பேயாக நடித்த கஞ்சிரோ நகமுரா கபுக்கி மேடையில் வளர்ந்தவர். 1959-ல் இச்சிகாவா எடுத்த ‘சாவி’ படத்திலும் ஆசை அடங்காத கிழவர் அவர்தான். தனிஸாகியின் நாவலிலிருந்து வந்த அந்தக் கிழவர் பொறாமையைத் தூண்டி ஆசையை வளர்க்கிற விபரீத மனிதர். அவரைப் பார்த்தால் அருவருப்பு. மன்பேயைப் பார்த்தால் பரிவு. அதே முகம்தான். இந்தப் பரிவில் ஓஸு கொஞ்சம் ஆண் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செத்துப்போன மனைவிக்குப் படத்தில் பேச இடமே இல்லை. நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஸெட்ஸுகோ ஹாரா நடிக்கும் விதவை மருமகளுக்கு இன்னும் வயதிருக்கிறது, வரனும் வருகிறது, அவள் வேண்டாம் என்கிறாள். ஆசைப்படக் காலம் உள்ளவள் ஒதுங்குகிறாள், காலம் தீர்ந்தவர் ஓடுகிறார்.

நடுவில் ஒரு நாள் கிழவருக்கு மாரடைப்பு. உறவெல்லாம் கூடிக் கலங்குகிறது. அவரோ திடீரென்று எழுந்து, எல்லோரையும் தாண்டிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, நன்றாகத் தூங்கினேன் என்கிறார்! பிறகு மறுபடியும் கியோட்டோ, சைக்கிள் பந்தயம், அவள் வீட்டிலேயே மரணம். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுக்கொண்டே போனாராம். பிணத்தைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பும் யூரிகோவுக்குத் தோளாடை கிடைக்காமல் போனதில் வருத்தம்.

இந்தப் படத்தை எடுத்தபோது ஓஸு கல்யாணமே செய்துகொள்ளாமல் தாயாரோடு வாழ்ந்துகொண்டிருந்தார். 1962-ல் தாயார் போனாள். இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, 1963 டிசம்பர் 12-ல், தம் அறுபதாவது பிறந்தநாளன்றே ஓஸுவும் போய்விட்டார்.

படத்தின் முடிவில் ஆற்றங்கரையில் ஒரு குடியானவனும் அவன் மனைவியும் நிற்கிறார்கள். காக்கைகள் நிறையத் தெரிகின்றன. யாரோ போய்விட்டார் போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். சற்றுப் பொறுத்து, சுடுகாட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எழும்புகிறது.