குவில்லனின் ஆய்வுகளும் மேற்கோள் கணக்கும்

டேனியல் குவில்லன் (1940–2011) இயற்கணித இடவியலில் செய்த புகழ்பெற்ற ஆய்வுகளில் பெரும்பகுதி 1967க்கும் 1976க்கும் இடைப்பட்ட காலத்தில் அடங்கிவிடுகிறது. 1978இல் ஹெல்சிங்கியில் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது இந்த ஆய்வுகளுக்காகவே. அவற்றுள் சில ஐந்தாறு பக்கங்களைத் தாண்டாதவை. சில ஆய்விதழ்களில் வராமல் விரிவுரைக் குறிப்புத் தொகுதிகளில் வந்தவை. மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஆய்வாளரை எடைபோடும் முறை இவரிடம் பல இடங்களில் சறுக்குகிறது. சறுக்குவதற்கான காரணமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

1969இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் புல்லட்டினில் வந்த ஆறு பக்க அறிவிப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். காம்ப்ளெக்ஸ் கோபார்டிசம் என்ற இடவியல் கோட்பாட்டின் குணக வளையம், முடிவில்லாத எண்ணிக்கையில் மாறிகள் கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையம் என்பதை மில்னரும் நோவிகோவும் 1960 அளவிலேயே கண்டிருந்தனர். அது ஏன் அப்படி அமைகிறது என்பதற்கு விடை இல்லாமல் இருந்தது. கூட்டலைப் போல நடந்துகொள்ளும் இருமாறி அடுக்குத் தொடர்களுக்கு முறைசார் குல விதிகள் என்று பெயர். அவை அனைத்துக்கும் பொதுவான வளையம் ஒன்றை லசார் 1955இல் ஆராய்ந்திருந்தார். இரண்டும் ஒரே வளையமே என்று குவில்லன் காட்டினார். கோளங்களின் ஹோமோடோபிக் குலங்களை அணுகும் வழி அத்துடன் மாறிப்போனது. குரோமாடிக் ஹோமோடோபிக் கோட்பாடு முழுவதும் இந்த இணைப்பின்மேல் எழுந்ததுதான். ஆயினும் இத்தேற்றம் பரவியது பெரும்பாலும் பிறர் நூல்கள் வழியாக. சிகாகோவில் ஆடம்ஸ் நிகழ்த்திய விரிவுரைகள் 1974இல் நூலாயின. ரேவனலின் நூல் 1986இல் வந்தது. அந்நூல்களில் கற்பவர் அந்நூல்களையே மேற்கோள் காட்டுவது இயல்பு. கணக்கில் ஏறுவது விளக்கியவரின் பெயர்.

‘ஹோமோடோபிகல் ஆல்ஜிப்ரா’ (1967) என்ற குறிப்புத் தொகுதியின் கதை வேறு. மாடல் கேட்டகரி என்ற அமைப்பு பிறந்தது இதில்தான். வலுக்குறைந்த சமானம், ஃபைப்ரேஷன், கோஃபைப்ரேஷன் என மூன்று வகை உருமாற்றங்களையும் அவற்றுக்கான சில விதிகளையும் கொடுத்துவிட்டால், வெளிகளே இல்லாத இடத்திலும் ஹோமோடோபிக் கோட்பாட்டை நடத்தலாம் என்பது இதன் சாரம். இதன் பெருவழக்கு 1990களில்தான் வந்தது. டுவையர், ஸ்பாலின்ஸ்கி இருவரின் அறிமுகக் கட்டுரை 1995இலும், ஹோவியின் நூல் 1999இலும் வெளியாயின. இயற்கணித வடிவியலுக்குள் ஹோமோடோபியைக் கொண்டுசென்ற மொரேல்–வொயேவொட்ஸ்கி கட்டுரையும் 1999ஆம் ஆண்டினதே. ஆய்விதழ்களுக்கான தாக்கக் காரணி முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கிறது. முப்பது ஆண்டு கழித்துக் காய்க்கும் நூல் அந்தச் சாளரத்தில் தென்படாது. பெருவழக்கு வந்தபின் எதிர்த்திசையில் ஒரு பிழை நுழைகிறது: ‘மாடல் கேட்டகரி’ என்று எழுதும் ஒருவர், குவில்லன் பெயரைச் சொல்வதற்கான தேவையையே உணர்வதில்லை. முதலில் யாரும் பயன்படுத்தாததால் மேற்கோள் இல்லை. பிறகு எல்லோரும் பயன்படுத்துவதால் இல்லை.

உயர் இயற்கணித கே-கோட்பாட்டை நிறுவிய கட்டுரை 1973இல், ‘முதற்பகுதி’ என்ற தலைப்புடன் ஒரு மாநாட்டுத் தொகுதியில் வந்தது. இரண்டாம் பகுதியைக் குவில்லன் எழுதவில்லை. அதற்கென அவர் கண்டிருந்த முடிவுகளை டேனியல் கிரேசன் 1976இல் எழுதி, ‘குவில்லனைத் தழுவி’ என்று தலைப்பிலேயே குறித்தார். நேர்மையான செயல்தான்; ஆனால் தரவுத்தளத்துக்குத் தலைப்பின் நேர்மை புரியாது. அதன் கணக்கில் அது கிரேசனின் கட்டுரை.

செர் 1955இல் எழுப்பிய வினாவுக்கான விடையில் நேர்ந்தது இன்னொரு வகை. சுருங்கத்தக்க வெளியின்மேல் உள்ள திசையன் கற்றை எதுவும் அற்பமானது என்பது இடவியலில் தெரிந்த செய்தி. பல்லுறுப்புக்கோவை வளையத்தின்மேல் உள்ள புரொஜெக்டிவ் மாட்யூல்களும் அவ்வாறே கட்டற்றவையா என்பதே அவ்வினா. இரண்டு மாறிகளுக்கு ஆம் என்று 1958இல் நிறுவியவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி. எத்தனை மாறிகளானாலும் ஆம் என்று 1976இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே காட்டினர். குவில்லனின் கட்டுரை ஐந்தே பக்கம். ‘குவில்லன்–சுஸ்லின் தேற்றம்’ என்ற பெயரே போதும் என்றாகிவிட்டதால், மூலக் கட்டுரையைச் சுட்டாமலே அதைக் கையாள முடிகிறது.

ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த ஹெச் குறியீடு இத்தகையவரிடம் இன்னும் பலவீனமானது. ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்பதே அக்குறியீடு; ஆகவே அது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையை மிஞ்ச முடியாது. ஒரு கட்டுரையிலிருந்து ஒரு துறையே கிளைத்தாலும் அதில் கூடுவது ஒன்றுதான். ஆகவே குறைவாக எழுதியவரை அது தொடக்கத்திலேயே தள்ளிவைக்கிறது.

மேற்கோள் பட்டியல் வீண் என்று இதனால் ஆகாது. ஒரு கருத்து எந்த ஆண்டில், எந்தத் துறைக்குள் புகுந்தது என்பதை அது ஓரளவு நம்பகமாகக் காட்டும். மத்தாயுடன் சேர்ந்து குவில்லன் 1986இல் ‘டோபாலஜி’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. ‘தாம்’ (Thom) வகுப்பு எனப்படும் இடவியல் வகுப்புக்கு வகையீட்டு வடிவத்தில் ஒரு பிரதிநிதியைத் தந்த அக்கட்டுரையை அத்தியாவும் ஜெஃப்ரியும் 1990இல் இடவியல் புலக் கோட்பாட்டுடன் இணைத்தனர். அதன்பின் கோட்பாட்டு இயற்பியலாளர்களும் அதைக் கையில் எடுத்தனர். இயற்பியலில் கட்டுரைகள் மிகுதி, மேற்கோள்கள் விரைவாகக் குவியும். ஆகையால் இக்கட்டுரையின் எண்ணிக்கையை 1969ஆம் ஆண்டு அறிவிப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தெரியவருவது இரண்டு துறைகளின் எழுத்துப் பழக்கம் மட்டுமே.